கூம்பின் உச்சி முனையா? உருளைக்கு விளிம்பு உண்டா?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் கணக்குத் தேர்வுத்தாள் நேற்று வீட்டுக்கு வந்தது. உருளைக்கு எத்தனை விளிம்புகள் என்ற வினாவுக்கு அவள் 2 என்று எழுதியிருந்தாள்; அதைச் சிவப்பு மையால் அடித்து 0 என்று திருத்தியிருக்கிறார்கள். அடுத்த வினாவில் கூம்புக்கு 1 முனை என்று எழுதியதற்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. "விளிம்பே இல்லையென்றால் டப்பாவின் மூடி எதன்மேல் உட்காருகிறது?" என்று அவள் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூத்த மகனின் பழைய வழிகாட்டி நூலில் உருளைக்கு 2 விளிம்புகள் என்றே அச்சிட்டிருக்கிறது. எது சரி என்று பார்ப்பதற்காக, நான் பள்ளியில் படித்த ஆய்லர் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வர வேண்டும் அல்லவா? விளிம்பு 2 என்று கொண்டால் 0 − 2 + 3 = 1 வருகிறது; விளிம்பு 0 என்று கொண்டால் 0 − 0 + 3 = 3 வருகிறது. ஆசிரியரின் விடையும் பொருந்தவில்லை, மகளின் விடையும் பொருந்தவில்லை. ஆனால் கூம்புக்கு மட்டும் 1 − 1 + 2 = 2 என்று அச்சுப் பிசகாமல் வருகிறது. ஒரு மதிப்பெண்ணுக்காக நான் கேட்கவில்லை. இது எனக்கே புரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

நீலமலை எழுதியது:

இரண்டு விடைகளுமே சரிதான் நண்பரே. விளிம்பு என்றால் என்ன என்று அந்த வகுப்பில் எப்படி வரையறுத்தார்களோ அதைப் பொறுத்துத்தான் விடை அமையும். வகுப்புக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

பழைய_வாத்தியார் எழுதியது:

நீலமலை சொல்வது உண்மைதான். ஆனால் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. வரையறையை நாம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஒவ்வொரு வரையறையும் எதைத் தருகிறது, எதை இழக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே வினா என் வகுப்பறையிலும் வந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பன்முகி என்பது தட்டையான பலகோணங்களால் மட்டுமே சூழப்பட்ட திண்மம். கனச்சதுரம், கனச்செவ்வகம், பட்டகம், பிரமிடு ஆகியவை பன்முகிகள். உருளை, கூம்பு, கோளம் ஆகியவை பன்முகிகள் அல்ல. பன்முகியில் இரண்டு முகங்கள் சந்திக்கும் நேர்கோட்டுத் துண்டை விளிம்பு என்கிறோம். குறைந்தது மூன்று விளிம்புகள் கூடும் புள்ளியை முனை என்கிறோம். இந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால் உருளையின் வட்டம் நேர்கோடு அல்ல என்பதால் அது விளிம்பாகாது. ஆசிரியர் 0 என்று திருத்தியதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஆனால் அதே கண்டிப்போடு பார்த்தால் கூம்பின் உச்சியில் ஒரு விளிம்புகூட வந்து சேரவில்லையே! அதை முனை என்று ஏற்று மதிப்பெண் கொடுத்த கை, உருளையின் வட்டத்தை விளிம்பு என்று ஏற்க மறுத்திருக்கிறது. உங்கள் மகளின் தாளில் இருக்கும் சிக்கல் இதுதான்: இரண்டு வினாக்களுக்கு இரண்டு வேறு வரையறைகள்.

வரலாற்றில் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. கிரேக்கர்கள் திண்மங்களைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் பதின்மூன்றாம் புத்தகத்தை ஐந்து ஒழுங்குத் திண்மங்களுக்கே ஒதுக்கினார். ஆனால் விளிம்புகளைத் தனியே ஒரு பொருளாகக் கருதி எண்ண வேண்டும் என்ற எண்ணம், 1750 நவம்பரில் ஆய்லர் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில்தான் தெளிவாக வெளிப்படுகிறது. முனை, விளிம்பு, முகம் ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்பை அந்தக் கடிதத்தில் எழுதிய ஆய்லர், அதற்கு நிறைவான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். விளிம்புக்கு அவர் தேர்ந்துகொண்ட இலத்தீன் சொல்லுக்கு வாளின் கூர்ப்பகுதி என்று பொருள். கையில் பட்டால் உறுத்துவது விளிம்பு என்று எடுத்துக்கொண்டால், உங்கள் மகள் டப்பாவைத் தொட்டுப் பார்த்து எழுதிய விடையில் தவறு ஒன்றும் இல்லை.

தகரப்பட்டறை எழுதியது:

நான் அதிகம் படித்தவன் அல்ல. தகரத்தில் புனல், டப்பா, புகைக்குழாய் செய்வது என் தொழில். கணக்கு எனக்குக் கவராயத்தோடும் கத்தரியோடும்தான் பழக்கம். ஆகவே தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனலுக்குக் கூம்பு வெட்ட வேண்டுமென்றால் தகரத்தின்மேல் 21 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்து 120 பாகைக்கு ஒரு துண்டு எடுப்பேன். அந்த வில்லின் நீளம் 44 செ.மீ. இருக்கும், சுருட்டினால் வாய் சரியாக 7 செ.மீ. ஆரத்தில் வந்து நிற்கும். உருளைக்கு இன்னும் எளிது, ஒரு செவ்வகத் தகடு போதும். ஆனால் இரண்டிலுமே மேலிருந்து கீழ்வரை ஓர் இணைப்பு மடிப்பு வந்தே தீரும். அதில் ஈயப்பற்று வைக்காவிட்டால் தண்ணீர் ஒழுகிவிடும்.

என் ஐயம் இதுதான். புத்தகத்தில் வரையும் உருளைக்கு அந்த இணைப்பு இல்லை, நான் செய்யும் உருளைக்கு இருக்கிறது. அதையும் விளிம்பு என்று எண்ணினால் கரிசல்மண் ஐயாவின் கணக்கு என்ன ஆகும்?

பழைய_வாத்தியார் எழுதியது:

தகரப்பட்டறை ஐயா, நான் அடுத்த பதிவில் சொல்ல நினைத்ததை உங்கள் ஈயப்பற்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. இணைப்பை எண்ணிப் பாருங்கள். இணைப்புக் கோடு மேல் வட்டத்தைத் தொடும் இடம் ஒரு முனை, கீழ் வட்டத்தைத் தொடும் இடம் மற்றொரு முனை, ஆக 2 முனைகள். இரண்டு வட்டங்களும் ஓர் இணைப்பும் சேர்ந்து 3 விளிம்புகள். முகங்கள் முன்போலவே 3. இப்போது 2 − 3 + 3 = 2.

இது கண்கட்டு வித்தை அல்ல. ஆய்லரின் வாய்பாடு சொல்லாமலே இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது. ஒவ்வொரு விளிம்பும் ஒரு முனையில் தொடங்கி ஒரு முனையில் முடிய வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு முகமும் நடுவில் ஓட்டையில்லாத, அப்பளம் போன்ற ஒரே பரப்பாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. உருளையின் வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதன் வளைபரப்போ மேலும் கீழும் திறந்த வளையல், அப்பளம் அல்ல. இணைப்புக் கோட்டை வெட்டியவுடன் வளையல் விரிந்து செவ்வகமாகிறது, வட்டத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கிறது. இரண்டு குறைகளும் ஒரே வெட்டில் தீர்ந்துவிடுகின்றன.

கூம்பில் 2 வந்தது எப்படி என்றும் இப்போது சொல்லிவிடலாம். அங்கேயும் அதே குறைகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. உச்சி எந்த விளிம்பிலும் சேராமல் முகத்தின் நடுவில் தனியே நிற்கிறது. வட்டத்தில் முனையே இல்லை. முறைப்படி இணைப்பையும் சேர்த்தால் முனைகள் 2, விளிம்புகள் 2, முகங்கள் 2; விடை 2. இணைப்பை நீக்கும்போது ஒரு முனையும் ஒரு விளிம்பும் சேர்ந்தே போகின்றன என்பதால் கூட்டல் மாறவில்லை. கூம்புக்கு வாய்பாடு பொருந்துகிறது என்று மகிழ்ந்து, அதை உருளைக்கும் நீட்டுவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

வன்னிச்சாரல் எழுதியது:

இலங்கையில் கணிதம் கற்பிக்கிறேன். சொற்கள் சற்று மாறினால் குழம்ப வேண்டாம். நீங்கள் பட்டகம் என்பதை நாங்கள் அரியம் என்போம், பிரமிடைக் கூம்பகம் என்போம், கனச்செவ்வகத்தைக் கனவுரு என்போம். ஆய்லரும் எங்கள் பக்கத்தில் ஓயிலர் ஆகிவிடுகிறார். மாணவர்கள் இரண்டு நாட்டுக் காணொளிகளையும் மாறி மாறிப் பார்ப்பதால் கூம்பு வேறு, கூம்பகம் வேறு என்பதை ஆண்டுதோறும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வரையறையைப் பற்றிய பேச்சு வந்ததால் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒழுங்கான திண்மங்கள் ஐந்து மட்டுமே என்று நான் கூறிய மறுநாள், ஒரு மாணவன் அட்டையில் செய்த திண்மம் ஒன்றோடு வந்து, "ஆறாவதைக் கண்டுபிடித்துவிட்டேன் சேர்" என்றான். இரண்டு நான்முகிகளை முகத்தோடு முகம் ஒட்டியிருந்தான். ஆறு முகங்கள், அனைத்தும் ஒரே அளவான சமபக்க முக்கோணங்கள். 5 முனைகள், 9 விளிம்புகள், 6 முகங்கள் என்று எண்ணினால் வாய்பாடும் பொருந்துகிறது. வகுப்பு முழுவதும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

நான் மறுக்காமல், மேல் நுனியில் எத்தனை முக்கோணங்கள் கூடுகின்றன என்று கேட்டேன். மூன்று என்றான். இடுப்புப் பகுதியில் இருக்கும் முனையில்? அவன் விரலை வைத்து எண்ணி, நான்கு என்று சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிட்டது. முகங்கள் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முனையிலும் அதே எண்ணிக்கையில் முகங்கள் கூட வேண்டும் என்ற நிபந்தனை அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் மறக்கவில்லை.

ஐந்துக்கு மேல் ஏன் இல்லை என்பதற்கும் அந்த அட்டைகளே போதும். ஒரு முனையில் கூடும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் அட்டை மடங்கி எழும்பும். 360 ஆகிவிட்டால் மேசையில் தட்டையாகப் படுத்துவிடும். சமபக்க முக்கோணங்களில் மூன்று, நான்கு, ஐந்து கூடலாம். அவை நான்முகி, எண்முகி, இருபதுமுகி. சதுரத்தில் மூன்று மட்டும் கூடலாம், ஐங்கோணத்திலும் மூன்று மட்டும். அவை சதுரமுகியும் (உங்கள் கனச்சதுரம்) பன்னிருமுகியும். அறுகோணத்தில் மூன்று வைத்தவுடனேயே 360 ஆகித் தேன்கூட்டின் தளமாகிவிடுகிறது.

ஐயவாதி எழுதியது:

பழைய_வாத்தியார் ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் சிக்கல் வளைபரப்பால் மட்டுமே வருகிறது என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன். துளசி மாடத்தின் அடிப்பீடத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய கனச்சதுரம் ஒன்றின் மேல்முகத்தின் நடுவில் சிறிய கனச்சதுரம் ஒன்றை வைத்து ஒட்டியிருக்கிறோம் என்று கொள்வோம். அனைத்தும் தட்டையான முகங்கள், அனைத்தும் நேரான விளிம்புகள். முனைகள் 16, விளிம்புகள் 24, முகங்கள் பெரியதில் 6, சிறியதில் 5, ஆக 11. கூட்டினால் 16 − 24 + 11 = 3 வருகிறது. இது பன்முகியா, இல்லையா? பன்முகி என்றால் ஆய்லரின் வாய்பாடு பொய். இல்லை என்றால் உங்கள் வரையறை குறையுடையது.

பழைய_வாத்தியார் எழுதியது:

நல்ல அடி. என் முந்தைய வரையறையில் ஒரு சொல் குறைந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பீடத்தின் மேல்முகம் இப்போது சதுரம் அல்ல. நடுவில் சதுர ஓட்டை விழுந்த ஒரு சட்டம். அது பலகோணம் அல்ல, உருளையின் வளைபரப்பைப் போல அதுவும் ஒரு வளையல்தான், தட்டையாகக் கிடக்கும் வளையல். ஆகவே மருந்தும் அதேதான். வெளிமூலை ஒன்றிலிருந்து உள்மூலை ஒன்றுக்கு ஒரு கோடு இழுங்கள். விளிம்புகள் 25 ஆகும், முகங்கள் மாறா, விடை 2 ஆகிவிடும்.

ஆனால் எந்தக் கோடு இழுத்தாலும் 2 ஆகாத திண்மங்களும் உண்டு. சுவரில் மாட்டும் படச்சட்டத்தைப் பாருங்கள். அதன் நான்கு கட்டைகளும் மூலைவாட்டில் இணைந்திருந்தால் முனைகள் 16, விளிம்புகள் 32, முகங்கள் 16, கூட்டினால் 0. இங்கே முகங்கள் அனைத்தும் ஓட்டையில்லாத நாற்கரங்களே. ஓட்டை இருப்பது திண்மத்தில். இவ்வகை விலக்குகளை 1813-இல் லூயிலியே என்ற சுவிஸ் கணிதவியலார் தொகுத்துக் காட்டினார். அதன் பிறகுதான், வாய்பாடு எண்ணுவது முனைகளையும் விளிம்புகளையும் மட்டுமல்ல, அந்தத் திண்மத்தின் மேற்பரப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே என்று மெல்ல விளங்கத் தொடங்கியது. எனவே வகுப்பறைக்கு, குழிவோ துளையோ இல்லாத குவிந்த பன்முகிகளுக்கு இந்த வாய்பாடு எப்போதும் பொருந்தும் என்று சொல்லி வைப்பதே பாதுகாப்பானது.

கரிசல்மண் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இன்று மாலை மகளோடு அமர்ந்து அட்டையில் கனச்சதுரமும் நான்முகியும் செய்தோம். வன்னிச்சாரல் அவர்கள் சொன்ன 360 பாகையை அவள் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டாள். கனச்சதுரத்தின் முனையில் மூன்று செங்கோணங்கள் கூடி 270 ஆகின்றன என்றால், 360-க்கு 90 குறைகிறது. எட்டு முனைகளிலும் சேர்த்து 720 குறைகிறது. நான்முகியில் ஒவ்வொரு முனையிலும் 180 குறைகிறது. நான்கு முனைகளுக்கும் 720. இரண்டும் ஒன்றாக வருவது தற்செயலா என்று கேட்கிறாள்.

வன்னிச்சாரல் எழுதியது:

தற்செயல் அல்ல என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். எண்முகியில் 6 முனைகளில் 120 வீதம், இருபதுமுகியில் 12 முனைகளில் 60 வீதம், பன்னிருமுகியில் 20 முனைகளில் 36 வீதம் குறைகிறது, எல்லாமே 720. என் மாணவனின் அட்டைத் திண்மத்திலும் இரு நுனிகளில் 180 வீதமும் இடுப்பில் மூன்று முனைகளில் 120 வீதமும் சேர்ந்து 720 தான். ஆய்லருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் இதைக் கண்டு எழுதி வைத்தார். அவருடைய கையெழுத்துப் படி தொலைந்துபோனது. ஜெர்மானியக் கணிதவியலார் லைப்னிட்சு 1676-இல் பாரிசில் எடுத்து வைத்த நகல் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்ததால்தான் நமக்குத் தெரியவந்தது.

பழைய_வாத்தியார் எழுதியது:

உங்கள் மகளின் 720 பாகையே அவளுடைய தேர்வுத்தாளுக்கும் விடை சொல்கிறது, பாருங்கள்.

அறுகோணப் பட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு முனையிலும் அறுகோணத்தின் 120 பாகையும் இரண்டு செங்கோணங்களும் கூடி 300 ஆகின்றன, குறைவது 60. மேல் அறுகோணத்தின் ஆறு முனைகளுக்கும் சேர்த்து 360, கீழே 360. பட்டகத்தின் பக்கங்களைப் பத்தாக்கினால் முனை ஒன்றுக்குக் குறைவது 36. பத்து முனைகளுக்கு மீண்டும் 360. நூறாக்கினாலும் அதே 360. பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது செங்குத்து விளிம்புகள் மழுங்கி மழுங்கி மறைந்துவிடுகின்றன, பட்டகம் உருளையாகிறது. ஆனால் மேலே 360, கீழே 360 என்ற குறைவு எங்கும் போய்விடவில்லை. அது முழுவதும் அந்த இரண்டு வட்டங்களின்மேல் சீராகப் பரவிக் கிடக்கிறது. உருளைக்கு விளிம்பே இல்லை என்பவர் இந்த 720 பாகையை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

கூம்புக்கும் இதே கணக்குத்தான். தகரப்பட்டறை ஐயா 120 பாகைத் துண்டை வெட்டிச் சுருட்டுகிறார் என்றால் உச்சியில் 360-க்கு 240 குறைகிறது. விளிம்புகள் கூடாவிட்டாலும் அந்தப் புள்ளி உண்மையிலேயே கூரானது. அதை முனை என்று அழைப்பதற்கு இந்த 240 பாகையே சான்று. அடித்தட்டும் சேர்ந்த கூம்பில் மீதமுள்ள 480 அடிவட்டத்தில் இருக்கிறது. ஆகவே என் தீர்ப்பு, தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால், கூம்புக்கு 1 முனை, 1 வளைந்த விளிம்பு. உருளைக்கு முனை இல்லை, 2 வளைந்த விளிம்புகள். ஆசிரியரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். நேர்விளிம்பு எத்தனை என்று வினாவில் கேட்டிருந்தால் 0 சரியாக இருந்திருக்கும் என்று மட்டும் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

நீலமலை எழுதியது:

வேலை முடிந்தது என்று அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன். ஒரே ஒரு கேள்வி: கோளத்தில் அந்த 720 எங்கே இருக்கிறது?

பழைய_வாத்தியார் எழுதியது:

மேற்பரப்பு முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறது. தனியே சுட்டிக்காட்ட ஒரு முனையோ விளிம்போ இல்லாததால், அங்கே 0 என்று எழுதுபவர் சரியாகவே எழுதுகிறார்.

தகரப்பட்டறை எழுதியது:

அதனால்தான் போலிருக்கிறது, உருளையும் கூம்பும் வெட்டிச் சுருட்டினால் வந்துவிடுகின்றன, அரைக்கோள மூடி மட்டும் வருவதே இல்லை. கோயில் கலசம்போல் ஒன்று கேட்டு வந்தால் தகட்டை இதழ் இதழாக வெட்டிப் பற்றவைப்பேன், இல்லாவிட்டால் சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டை நீட்டுவேன். தட்டாமல் கோளம் செய்ய முடியாது என்பது என் தகப்பனார் சொன்னது.

பழைய_வாத்தியார் எழுதியது:

உங்கள் தகப்பனார் பட்டறையில் கண்டதைக் கணிதவியலார் காஸ் 1827-இல் நிறுவினார். நீட்டவோ சுருக்கவோ செய்யாமல் தட்டையான தகட்டைக் கோளத்தின் ஒரு சிறு பகுதிமேல்கூடப் படியவைக்க முடியாது. உலக வரைபடங்களில் கிரீன்லாந்து பூதாகரமாகத் தெரிவதற்கும் அதுவே அடிப்படை.

பன்முகிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, வெட்டி விரித்துவிடலாம். கனச்சதுரத்தை விளிம்போரமாக வெட்டி விரித்தால் வெவ்வேறான வலைகள், அதாவது தட்டையான விரிப்பு வடிவங்கள், சரியாக 11 கிடைக்கும். கரிசல்மண் அவர்களின் மகள் விடுமுறையில் தேடிப் பார்க்கலாம். ஆனால் எந்தக் குவிந்த பன்முகியைக் கொடுத்தாலும், விளிம்புகளை மட்டும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படியாத ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525-இல் இத்தகைய வலைகளை வரைந்து வெளியிட்டார். ஐந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

தகரப்பட்டறை எழுதியது:

நேற்று இரவு பட்டறையை மூடும் முன் ஒரு கனமான குழாய்த் துண்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். வெளிப்பரப்பு, உட்பரப்பு, குழாயின் இரண்டு கோடியிலும் வளையம்போன்ற முகங்கள், ஆக 4 முகங்கள். வட்டங்கள் 4. ஐயா சொன்னபடி ஒவ்வொரு முகத்தையும் ஒரு கோட்டால் வெட்டினேன்; கோடுகள் 4, அவை வட்டங்களைத் தொடும் புள்ளிகள் 4. ஆக முனைகள் 4, விளிம்புகள் 8, முகங்கள் 4. விடை 0 வருகிறது. முதலில் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறையும் எண்ணினேன். பிறகுதான் படச்சட்டத்துக்கும் அதே 0 வந்தது நினைவுக்கு வந்தது.